ஓசி போனும் ஒரு கணக்கும்

பி.காம். படித்த பாவத்துக்கு, வெளிநாடு கிளம்புகிறவர்கள் எல்லாம் என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் காலுக்குக் காசு கிடையாது. அது ஏறிப்போகிற டேட்டாவுக்குக் காசு உண்டு! ரோமிங்கை ஆன் செய்துவிட்டு, 'ஓசிதானே' என்று மாமியாரிடம் சாம்பார்ப் பக்குவம் கேட்டால், பில்லில் பருப்பு விலை தெரியும்.

ஆகவே, கிளம்பும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஓட்டல் வைஃபையில் மட்டும் பேசுங்கள். சிங்கப்பூரில் ஜோராக நடக்கும். துபாயில்? ஊஹூம்! வைஃபை இருந்தாலும் வாட்ஸ்அப்பில் பேச முடியாது. அரசு அனுமதித்த ஆப்களில்தான் பேச்சு. 'போட்டிம்' அதில் ஒன்று. ஊரில் இருப்பவர் போனிலும் அதை ஏற்றிவிட்டு அப்புறம் பெட்டி கட்டுங்கள்.

என் அத்தை பையன் ஏற்றாமல் போய்விட்டான். அத்தை மூணு மணி நேரம் போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், அங்கே தடையில்லாத வாய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது. "வந்து சேர்ந்துட்டேம்மா, சாப்டாச்சு." நாலு விநாடி. அத்தை அதைப் பதினோரு தடவை போட்டுக் கேட்டாள்.

போன் செலவு மிச்சம்தான். அந்த மூணு மணி நேரத்தை மட்டும் பற்றில் எழுதுவதா, வரவில் எழுதுவதா என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை!