ஒப்பாரிக்கு விசில் அடிக்கலாமா?

இங்கிலாந்து ரக்பி அணி லண்டன் ட்விக்கன்ஹாமில் விளையாடும் நாளில், 82,000 பேர் உட்காரக்கூடிய அந்த மைதானம் முழுக்க ஒரே பாட்டு கேட்கும். 'ஸ்விங் லோ, ஸ்வீட் சேரியட்'. மார்பில் சிவப்பு ரோஜா சின்னம், கையில் பீர், தொண்டை கிழியப் பாட்டு. கேட்பவனுக்கு உடம்பு சிலிர்க்கும், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அது வெற்றிப் பாட்டு இல்லை. சாவுக்குக் காத்திருப்பவனின் பாட்டு. வானத்திலிருந்து ரதம் வந்து தன்னை யோர்தான் நதிக்கு அக்கரையில் இருக்கும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும் என்கிற நம்பிக்கை. பைபிளில் எலியா தீர்க்கதரிசியை அழைத்துப்போன அதே ரதம். உயிரோடு இருக்கும்வரை விடுதலை இல்லை, செத்தாலாவது கிடைக்கட்டும் என்று நினைத்த மக்கள் பாடியது. இழவு வீட்டு ஒப்பாரியை எடுத்து வந்து கல்யாண ஊர்வலத்தில் விசிலடித்துப் பாடினால் எப்படி இருக்கும்? ட்விக்கன்ஹாமில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான்.

இந்தப் பாட்டை உருவாக்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் வாலஸ் வில்லிஸ். இன்றைய ஓக்லஹோமா மாநிலம் இருக்கும் இடத்தில், சாக்டா இனத்தைச் சேர்ந்த ஒருவருக்கு அடிமையாக இருந்தவர். (வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் அடிமை வைத்திருந்தார்கள் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு கூடுதல் தகவல்.) ஸ்பென்சர் அகாடமி என்ற பள்ளிக்கு அவர் வேலைக்கு அனுப்பப்பட்டபோது, அங்கிருந்த பாதிரியார் அலெக்சாண்டர் ரீட் அவர் பாடியதைக் கேட்டார். பிறகு அந்தப் பாடல்கள் ரீட் மூலமாக ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்களின் கைக்குப் போயின.

இவர்கள் யார் என்பது முக்கியம். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866-இல் நாஷ்வில் நகரத்தில் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் கல்லூரி பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. 1871-இல் மாணவர்கள் சிலர் ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டக் கிளம்பினார்கள். அவர்களில் பலர் அடிமைகளாகவே பிறந்தவர்கள். 1873-இல் இங்கிலாந்துக்கும் வந்து விக்டோரியா ராணி முன்னால் பாடினார்கள். இப்படிச் சேர்ந்த பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் 1876-இல் திறக்கப்பட்டது. இந்தப் பாடல்கள் கட்டிய கட்டடம் அது. இன்றைக்கும் நிற்கிறது.

ஆக, அடிமைகளின் பாடல்கள் இங்கிலாந்துக்கு முதலில் வந்தபோது ஆங்கிலேயர்கள் உட்கார்ந்து கேட்டார்கள், காசும் கொடுத்தார்கள். நூறு வருடம் கழித்து அவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிட்டுத் தாங்களே கத்த ஆரம்பித்தார்கள்.

எப்படி ஆரம்பித்தது? ரக்பி கிளப்புகளின் மதுக்கூடங்களில் ஆபாசமான கைச்சைகைகளோடு இந்தப் பாட்டைப் பாடும் வழக்கம் முன்பே இருந்தது. மைதானத்துக்கு வந்த கதையாகப் பலரும் சொல்வது 1988 மார்ச் 19. அன்று அயர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் பாதி நேரம் முடிந்தபோது இங்கிலாந்து 0-3 என்று பின்தங்கி இருந்தது. இரண்டாம் பாதியில் கிறிஸ் ஓட்டி என்ற கறுப்பின வீரர் மூன்று ட்ரை அடித்தார். 35-3 என்று இங்கிலாந்து ஜெயித்தது. கூட்டம் இந்தப் பாட்டைப் பாடியது. அதற்கு முந்தைய வருடமே மிடில்செக்ஸ் செவன்ஸ் போட்டியில் மார்ட்டின் ஓஃபையா என்ற இன்னொரு கறுப்பின வீரருக்காக இதே பாட்டு பாடப்பட்டது பிறகு தெரியவந்தது.

ஓஃபையா விஷயத்தில் ஒரு சமாதானம் உண்டு. 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தின் பெயரும் அவர் பெயரும் ஒரே மாதிரி ஒலிப்பதால் அவருடைய பட்டப்பெயரே 'சேரியட்ஸ்'. அதனால் இது வெறும் சிலேடை என்பார்கள். இருக்கட்டும். ஓட்டியின் பெயரில் அந்தச் சிலேடை இல்லையே? 1906-இல் ஆட வந்த ஜேம்ஸ் பீட்டர்ஸுக்குப் பிறகு இங்கிலாந்து ரக்பி அணியில் கறுப்பின வீரர் ஒருவர் ஆட எண்பது வருடம் ஆனது. அப்படி வந்தவர் ட்ரை அடித்ததும் கூட்டத்தின் வாயில் வந்தது கறுப்பின அடிமையின் பாட்டு. யாரும் திட்டமிட்டு அவமானப்படுத்தவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். திட்டமில்லாமலே அது நாக்கில் வந்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

இனி வழக்கமான வாதங்கள்.

"கெட்ட எண்ணத்தோடு யாரும் பாடவில்லை." உண்மை. இங்கிலாந்து வீரர் மாரோ இடோஜேவே 2020-இல் இதைச் சொன்னார். கூடவே, பாட்டின் பின்னணி சிக்கலானது என்றும் சொன்னார். ரசிகர்கள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை என்பது ஒருவனைக் குற்றவாளி ஆக்காமல் விடும், அவ்வளவுதான். அவன் செய்வது சரி என்று ஆக்கிவிடாது. தெரியாமல் காலை மிதித்தவனை யாரும் திட்ட மாட்டார்கள். சொன்ன பிறகும் காலை எடுக்காதவனை?

"இசைக்கு எல்லை கிடையாது." சரிதான். யாரும் எந்தப் பாட்டையும் பாடலாம். ஆனால் எடுத்த பாட்டை என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. லிவர்பூல் கால்பந்து ரசிகர்களின் 'யூ வில் நெவர் வாக் அலோன்' 1945-இல் வந்த ஒரு அமெரிக்க இசை நாடகத்தின் பாட்டு. அதுவும் இரவல்தான். ஆனால் அது துன்பத்தில் ஆறுதல் சொல்லும் பாட்டு. 1989-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கி 97 பேர் இறந்தார்கள். இறந்தவர்களை நினைத்து அழவும் லிவர்பூல் ரசிகர்கள் அதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். பாட்டு எதற்காக இருக்கிறதோ அதற்காகவே பயன்படுகிறது. அயர்லாந்து ரசிகர்கள் பாடும் 'த ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆதன்ரை' அயர்லாந்துப் பஞ்ச காலத்தின் சோகக் கதை. அந்தப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்தவர்களின் வாரிசுகள் அதைப் பாடுகிறார்கள். பட்டவர்கள் பாடுவது வேறு, பக்கத்து வீட்டுக்காரன் குடித்துவிட்டுப் பாடுவது வேறு.

இங்கிலாந்து வெறும் பக்கத்து வீட்டுக்காரனும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பு லங்காஷயர் ஆலைகள் நூற்ற பஞ்சில் பெரும்பங்கு அமெரிக்க அடிமைகள் பறித்தது. தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்க பிரிட்டன் 1833-இல் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு நஷ்ட ஈடு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளுக்கு இல்லை, முதலாளிகளுக்கு! அதற்காக வாங்கிய கடன் முழுதாக அடைந்தது 2015-இல்தான். அதே 2015-இல் ரக்பி உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தது, இதே பாட்டும் ஒலித்தது. அடிமைகளின் பெயரில் ஒரு பைசா வரவு எழுதாத கணக்கு அது. அதை மூடிய வருடத்திலும் அடிமையின் பாட்டு மட்டும் செலவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பாட்டு, காப்புரிமை கிடையாது. 1991-இல் இங்கிலாந்து அணியின் பெயரோடு இது இசைத்தட்டாகவே வந்து விற்றது. ஃபிஸ்க் மாணவர்கள் பாடி வந்த காசு கல்லூரி ஆனது. இந்தக் காசு என்ன ஆனது?

"அப்படியானால் தடை போடச் சொல்கிறீர்களா?" இல்லை. 2020-இல் இங்கிலாந்து ரக்பி சங்கம் இதை மறுபரிசீலனை செய்வதாக அறிவித்ததும், பிரதமர் போரிஸ் ஜான்சன் உட்படப் பலர் தடைக்கு எதிராகக் கிளம்பிவிட்டார்கள். ஓஃபையாவே தடை வேண்டாம் என்றார். கடைசியில் சங்கமும் தடை இல்லை, ரசிகர்களுக்கு வரலாற்றைச் சொல்லிக்கொடுப்போம் என்று முடித்துக்கொண்டது. தடை போட்டால் 82,000 பேரும் வீம்புக்கே பாடுவார்கள். அது யாருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் வரலாற்றைச் சொல்லிக்கொடுத்தால் அதற்கு ஒரு விளைவு இருக்க வேண்டும். வாலஸ் வில்லிஸ் யார் என்று தெரிந்துகொண்டு, தலையாட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமை அதே பீரோடு அதே பாட்டைப் பாடினால் அது பாடம் அல்ல, பாவமன்னிப்புச் சீட்டு. ரசிகர்கள் தாங்களாகவே நிறுத்த வேண்டும். யாரும் சொல்லி ஆரம்பிக்காத பழக்கத்தை யாரும் சொல்லாமலே நிறுத்தவும் முடியும்.

பாட வேறு பாட்டு இல்லையா என்ன? வில்லியம் பிளேக் எழுதி, 1916-இல் ஹியூபர்ட் பாரி இசையமைத்த 'ஜெருசலேம்' இருக்கிறது. காமன்வெல்த் போட்டிகளில் 2010 முதல் இங்கிலாந்தின் கீதமே அதுதான். வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து ரசிகர்கள் எல்லாரும் சொந்தச் சரக்கோடு மைதானத்துக்கு வருகிறார்கள். ஷேக்ஸ்பியரையும் பீட்டில்ஸையும் கொடுத்த நாட்டுக்கு ஒரு பாட்டுக்கா பஞ்சம்?

வாலஸ் வில்லிஸின் உழைப்பு அவருக்குச் சொந்தமாக இருக்கவில்லை. உடம்பும் சொந்தமாக இருக்கவில்லை. சொந்தமாக இருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான். அதையாவது அவரிடம் விட்டுவைக்கலாம்.