நரிவெங்காயமும் நாட்டு வெங்காயமும்

மழை விழுந்ததும் குன்றடிகளிலும் தரிசுகளிலும் தலைகாட்டும் நரிவெங்காயத்தை, தோட்டத்துச் சின்ன வெங்காயத்தின் காட்டு மூதாதை என்று குடியானவர்களில் பலர் கருதி வருகின்றனர். இது பிழையான எண்ணம். உருவம் ஒத்திருக்கிறதேயன்றிக் குலம் வேறு. நரிவெங்காயம் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது, விஷமுள்ளது, வெங்காயத்துடன் கலப்புறாது.

வெங்காயத்தின் மெய்யான உறவு மத்திய ஆசியாவில் இருக்கிறது. துருக்மேனியா, ஈரான் எல்லை மலைகளில் வளரும் அல்லியம் வாவிலோவி என்னும் காட்டினமே அதற்கு மிக நெருங்கியது. வடமேற்கு இமயத்து அல்லியம் ராய்லீ சற்றுத் தூரத்து உறவுதான். எனினும் அடிச்சாம்பல் நோயைத் தாங்கும் குணத்தை அதனிடமிருந்தே ஐரோப்பிய நிபுணர்கள் பெரிய வெங்காயத்திற்குக் கொண்டு வந்தனர்.

பல்லாரியும் சின்ன வெங்காயமுமோ ஒரே இனம். இரண்டுக்கும் 16 குரோமோசோம்கள். சந்தையில் வேறு, வயலில் உடன்பிறப்பு. ஆயினும் சின்ன வெங்காயத்தைக் காய் நட்டே பெருக்குவதால் ஒரு வயல் முழுவதும் ஏறக்குறைய ஒரே செடியின் நகல்களாகி விடுகின்றது. திருகல் நோய் ஒன்றைப் பற்றினால் மற்றவற்றிற்குத் தடையேது? வைரஸ் நோய்களும் விதைக்காய் வழியே ஆண்டுக்காண்டு தொடர்கின்றன.

இதற்கு மாற்றாகக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2001-இல் வெளியிட்ட கோ 5 ரகம் பூத்து விதை கட்டுவது. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதைக்காய் வேண்டிய இடத்தில் 1 கிலோ விதை போதும். நாற்றுவிட்டுப் பறித்து நட ஆள் வேண்டுமே என்பர். பட்டாசுச் சாலைகளுக்கு ஆள் போய்விடும் சிவகாசிப் பக்கத்தில் அது நியாயமான ஆட்சேபமே.

ஆனால் கோ 5 வந்துவிட்டதென்று ஊர் வெங்காயத்தைக் கைவிடுவது பெருந்தவறாகும். தலைமுறைகளாக இக்கரிசலின் வெயிலையும் வறட்சியையும் தாங்கி நின்ற குணம் அதிலேயே உள்ளது. விலை ஏறிய ஆண்டில் பட்டறையிலுள்ள விதைக்காயையும் விற்றுவிட்டு, மறுபட்டத்திற்கு வெளியூர்க் காயை வாங்குகிற வழக்கத்தால்தான் அது அழிகிறது. இழந்த வித்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. நல்ல செடிகளின் காயில் ஒரு பங்கையேனும் விலை பாராது ஒதுக்குதல் வேண்டும். கிராம அதிகாரிகளும் அடங்கலில் பயிரெழுதுங்கால் ஊர் வித்தா, வெளி வித்தா என்று ஓரத்தில் குறித்து வைப்பார்களாயின், எவ்வூரில் எது மிஞ்சியுள்ளதென்று தெரியும்.

கோ 5-இல் சொந்தமாக விதை எடுப்போர், ஒரு கிலோமீட்டர் தூரத்திற்குள் பல்லாரி பூத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்க. தேனீ வரப்பறியாது, உடன்பிறப்புகளாதலால் கலப்பு எளிதில் நேர்ந்துவிடும்.