மணியும் பாதயாத்திரைக்கு வரலாமா?

தை பிறந்தால் எங்கள் பக்கம் பழனிப் பேச்சுதான். பூசம் முடிந்தபின் எடப்பாடிக்காரர்கள் காவடியோடு நடந்தே போய், மலைமேல் ஓர் இரவு தங்கி வருவது தலைமுறை வழக்கம்.

போன வருஷம், "அம்மா, மணியும் வரட்டுமே!" என்று சின்னவன் அழுதான். கொல்லிமலைக் காட்டுப்பாதை என்றால் ‘கூடாது’ என்றிருப்பேன். 2018-ல் குஜராத் கிர் காட்டில் சிங்கங்கள் மடிந்தபோது, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய்க் கிருமி அவற்றில் இருந்ததல்லவா! இது தார்ரோடுதானே என்று சம்மதித்தேன்.

காவேரிப் பாலம் தாண்டிய மறுநாள் மத்தியானம் மணி நொண்டியது. பாதமெல்லாம் கொப்புளம்! வேன் பிடித்து வீட்டுக்கு அனுப்பினோம். "வேண்டுதல் நம்முளுது, வாயில்லா ஜீவன் என்ன பண்ணுச்சு?" என்றார் அத்தை. எனக்குச் சுருக்கென்றது.

சகோதரிகளே, நாயோடு நடப்பதானால் இவற்றை மறக்காதீர்கள்:

வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாயாக இருக்கட்டும். புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்து எண்ணுங்கள். சுட்டால் அதற்கும் சுடும். விடிகாலையில் நடந்து, வெயில் ஏறுமுன் நிழலில் தங்குங்கள். கழுத்தில் கயிறு, கையில் தண்ணீர்க் கிண்ணம், திரும்பி வர வண்டி மூன்றும் முக்கியம்.

வழியில் ஒட்டிக்கொள்ளும் நாயைச் சோறு காட்டி அழைத்துப் போகாதீர்கள். பாவம், ஊர் திரும்ப அதற்கு வழி தெரியாது. எந்த நாய் குழந்தையைக் கடித்தாலும், பிறாண்டினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம்.

இந்த வருஷம் மணி அத்தையோடு வீட்டில்தான். திரும்பி வரும்போது வாசலில் வாலாட்ட ஒரு ஜீவன் இருப்பதும் சந்தோஷம்தானே!