வேலை மனுவும் வெற்றுத் தாளும்

பள்ளித் தேர்வு முடிவு வந்ததும் ஆலை வாசல்களில் கூட்டம் கூடுகிறது. விவசாயத் தொழிலாளியின் மகன் கையிலே ஒரு மனு; மூடிய ஆலையிலிருந்து தள்ளப்பட்ட தொழிலாளியின் கையிலே இன்னொன்று. இப்படிப்பட்ட மனுக்கள் பலவற்றை நாம் பார்த்திருக்கிறோம். "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்ற கெஞ்சலே பாதித் தாளை அடைத்துக் கொள்கிறது. தெரிந்த வேலை என்ன என்பது கடைசி வரியில் ஒளிந்து கிடக்கிறது.

உழைப்பை விற்கப் போகிறவன் ஏன் கூனிக் குறுக வேண்டும்? முதலாளி தருமத்துக்காகவா ஆள் எடுக்கிறார்? கதிர் சுற்றினால்தான் நூல். நூல் வந்தால்தான் லாபம்.

ஆகவே மனுவை ஒரே தாளில், நேராக எழுதுங்கள். பெயர், முகவரி, வயது, படிப்பு. அடுத்து, எந்த ஆலையில் எத்தனை ஆண்டு, கார்டிங்கா, ஸ்பின்னிங்கா, வைண்டிங்கா என்ற விவரம். தெரியாததைத் தெரியும் என்று எழுத வேண்டாம். இயந்திரத்தின் முன் நிறுத்தினால் பொய் நிற்காது.

பழைய ஆலையை விட்டு வரும்போதே சர்வீஸ் சர்ட்டிபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள். 1946-ம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகளிலேயே நிரந்தரத் தொழிலாளிக்கு இந்த உரிமை எழுதப்பட்டிருந்தது. இது யாரும் போடும் பிச்சையல்ல.

மூன்று விஷயங்களில் உஷார்! மனுவோடு நகலை மட்டும் கொடுங்கள். அசல் சான்றிதழைப் பறிகொடுத்தவன், பிடிக்காத வேலையை விட்டு நகர முடியாது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். இன்று வெற்றுத் தாள், நாளை அதுவே உங்கள் ராஜிநாமாக் கடிதம்!

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, 3 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். 1959-ம் ஆண்டுச் சட்டம் காலியிடத்தை அறிவிக்கத்தான் சொன்னது. பதிந்தவரையே எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

நல்ல மனு எழுதிவிட்டால் வேலையில்லாத் திண்டாட்டம் தீர்ந்துவிடுமா? தீராது. பத்து இடத்துக்கு நூறு பேர் நிற்கும் வரை தொண்ணூறு பேர் திரும்பத்தான் வேண்டும். அதற்கான போராட்டம் வேறு, பெரிது. ஆனால் உள்ளே போகும் பத்துப் பேரும் கைகட்டுண்டு போகக்கூடாது.

எழுதத் தெரிந்த தோழர்களே! வாரத்தில் ஒரு மாலை சங்க அலுவலகத்தில் உட்காருங்கள். எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டுங்கள்.