கேள்வி கேட்கப் பழகிய தங்கவயல்

எந்தச் சாமியைக் கும்பிடுவது, யாரைக் கண்டால் ஒதுங்கி நிற்பது, யாரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்பதையெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே வீட்டிலும் தெருவிலும் கற்றுவிடுகிறார்கள். அப்படிக் கற்றதை வளர்ந்த பிறகு மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்குத் தமிழர் வரலாற்றில் வலுவான சான்று, மைசூர் மைன்ஸ் சுரங்கத்தை உள்ளடக்கிய, கர்நாடகத்தின் கோலார் தங்கவயல்.

1880இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி இங்கே கால்பதித்த பிறகு, வட ஆற்காடு, சேலம் வட்டாரங்களிலிருந்து ஏராளமான குடும்பங்கள் வேலைதேடி வந்தன. அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். பண்ணையாரின் பிடி இங்கே இல்லை. கூலியும் காசாகக் கிடைத்தது. ஆனாலும், ஊர் மாறியதால் மட்டுமே மனம் மாறிவிடவில்லை. ஊர்ப் பழக்கங்களும் சாதிப் பிரிவுகளும் கூடவே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் குடியேறின. கம்பெனியும் வெள்ளையர், ஆங்கிலோ இந்தியர், கூலிகள் என்று தன் பங்குக்குப் படிநிலை வகுத்தது.

மனத்தை அசைத்தது வாசிப்பு. சாதியை எதிர்த்த பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் உறுதியான வாசகர்கள் இருந்தார்கள். அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மைசூர் மைன்ஸை ஒட்டிய மாரிக்குப்பத்தில் கிளை உருவானது. 1914இல் பண்டிதர் மறைந்தார்; பின்னர் இதழும் நின்றது. 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு ‘தமிழன்’ மீண்டும் வெளிவந்தது தங்கவயலிலிருந்துதான். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை வெளியிட்டது.

பிறப்பில் தாழ்வு என்று முதலில் சொன்னது யார், நாம் கொண்டாடும் பண்டிகைகள் எங்கிருந்து வந்தன என்று அந்த எழுத்துகள் கேட்டன. பண்டிதர் தந்த விடைகள் எல்லாவற்றையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால், பாட்டன் சொன்னதற்கும் ஆதாரம் கேட்கலாம் என்ற துணிவை அவர் விதைத்தார். 1930இல் தங்களிடம் கைரேகை பதிவதை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆயினும், தன்மதிப்பைப் பேசிப் பழகிய சமூகம் அது என்பதை மறக்க முடியாது.

இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பகுத்தறிவைக் குடும்பச் சொத்தாக வாங்கிக்கொள்ள முடியாது. புத்தர், அம்பேத்கர், பெரியார் படங்களைச் சுவரில் மாட்டிய வீட்டில் பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டல் விழுமென்றால், அங்கே வளர்வதும் இன்னொரு கண்மூடித்தனமே. தலைமுறைதோறும் சிந்தனையைப் புதிதாகப் பழக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும், எதிர்க்கருத்தைப் பொறுக்கும் பெரியவர்கள் வேண்டும்.

தங்கவயலில் இன்று அந்த நேரம்தான் இல்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று இங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியும் முன்பே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசப் பெற்றோருக்கு நேரம் இல்லை. அந்த இடைவெளியைக் கைபேசி நிரப்புகிறது. அங்கே வருவதைச் சலித்துப் பார்க்கச் சொல்லித்தர யாருமில்லை. கர்நாடக அரசும் நகரசபையும் இங்கே ஒவ்வொரு குடியிருப்பிலும் மாலைநேரப் படிப்பகம் அமைக்க வேண்டும். அதில் தமிழ், கன்னட நூல்கள் இரண்டும் இருக்க வேண்டும். பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது: பிள்ளை ‘ஏன்’ என்று கேட்டால், வாயை அடைக்காமல் விடை தேட உடன் உட்காருங்கள்.