கயிறு பிடிக்க ஆளில்லை

"கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். போட்டுக்கிட்டே இருங்க."

மனச்சோர்வுக்கான மருந்தை மாற்றி எழுதும்போது நம்மூர் மருத்துவ அறைகளில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களோடு முடிந்துவிடுகிறது. "கொஞ்ச நாள்" என்றால் எத்தனை நாள்? "அப்படித்தான்" என்றால் எப்படி? எதுவரை பொறுத்துக்கொள்ளலாம், எது வந்தால் அன்றைக்கே ஓடிவர வேண்டும்? சீட்டில் அதெல்லாம் இருக்காது. பழைய மாத்திரையின் மேல் ஒரு கோடு, புதிய மாத்திரையின் பெயர், பக்கத்தில் 0-0-1, அடுத்த மாதத்தில் ஒரு தேதி. அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வாக்கியங்களுக்கு எதிரானது. மருந்துக்கு எதிரானது அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மனநல மருந்தின் பக்கவிளைவைப் பற்றி யார் வாய் திறந்தாலும், "நான்தான் அப்பவே சொன்னேன்ல, எல்லாம் கெமிக்கல், நிப்பாட்டிரு" என்று ஒரு கூட்டம் பின்னால் வந்து நின்றுவிடும். அவர்களுக்கும் இதில் பதில் உண்டு.

மருந்தை மாற்றுவது தோல்வி அல்ல, அது வழக்கம். அமெரிக்காவில் 4,000க்கும் அதிகமானவர்களைக் கொண்டு நடந்து, 2006இல் முடிவுகள் வெளியான 'ஸ்டார்-டி' ஆய்வில், முதலில் கொடுத்த சிட்டலோப்ராமில் முழுமையாகத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். மீதிப் பேருக்கு அடுத்த மருந்து. அதில் மாறியவர்களில் தேறியது ஏறத்தாழ நான்கில் ஒருவர். இந்தக் கணக்கே கூடுதல் என்று பின்னாளில் விவாதம் எழுந்தது. குறைத்து எண்ணினால் என் வாதம் இன்னும் வலுக்கத்தான் செய்யும். சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையாவது ஒரு மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகவேண்டி வரும் என்றால், அந்தப் பயணத்தைச் சிகிச்சையின் மையப் பகுதியாக வைத்திருக்க வேண்டாமா? நாம் அதை நோயாளியின் சொந்தப் பொறுப்பில் விட்டிருக்கிறோம்.

அந்த நாட்களில் உடம்புக்குள் நடப்பது என்ன? இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பழைய மருந்து வெளியேறுகிறது, புதியது உள்ளே வருகிறது. இரண்டுக்கும் தனித்தனித் தொல்லைகள். வெளியேறும் வேகம் மருந்துக்கு மருந்து மாறும். வென்லாஃபாக்ஸின் சில மணி நேரங்களிலேயே இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும், பராக்ஸெட்டினுக்கு ஏறத்தாழ ஒரு நாள். ஃப்ளூஆக்ஸெட்டின் அப்படி அல்ல, அதன் மிச்சம் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். ஆகவே முதல் இரண்டிலிருந்து கிளம்புபவருக்கு விடுபடும் தொல்லை இரண்டு மூன்று நாளிலேயே வரக்கூடும். ஃப்ளூஆக்ஸெட்டினிலிருந்து கிளம்புபவருக்கோ, பழையது போகும் முன்பே புதியது சேர்ந்து இரண்டும் மோதும் ஆபத்து. ஒருவருக்கு இடைவெளி பிரச்சினை, இன்னொருவருக்கு நெரிசல் பிரச்சினை. இருவருக்கும் ஒரே "கொஞ்ச நாள்" எப்படிப் பொருந்தும்?

நானும் பராக்ஸெட்டினிலிருந்து வேறொன்றுக்கு மாறியவன்தான். மூன்றாவது நாள், தலையைத் திருப்பினால் கண் முதலில் போய், மூளை ஒரு நொடி கழித்து வருவதுபோல் இருந்தது. இடையில் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. ஆங்கிலத்தில் இதற்கு 'பிரெய்ன் ஜாப்' என்று பெயர் வைத்து எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். தமிழில் பெயர்கூட இல்லை. பெயர் இல்லாத தொல்லையைச் சொன்னால் வீட்டில் கிடைக்கும் பதில், "அதயே நெனச்சிட்டு இருக்காத." அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டது ஆறுதல் அல்ல. "இது வரலாம், இத்தனை நாளில் குறையும், குறையாவிட்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

இதையெல்லாம் சொன்னால் நோயாளி பயந்துவிடுவார், மருந்தே போடமாட்டார் என்பது மருத்துவர்கள் தரப்பில் அடிக்கடி கேட்கும் வாதம். அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. 2024இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்த ஜெர்மானியத் தொகுப்பாய்வின்படி, மருந்தை நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேருக்கு விடுபடும் தொல்லைகள் இருந்தன. மருந்தே இல்லாத போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு இருந்தன. எதிர்பார்ப்பும் உடம்பைப் படுத்தும் என்பது நிஜம். கடுமையான தொல்லை ஏறத்தாழ 35 பேரில் ஒருவருக்கு. அதாவது மாறுகிற எல்லோரும் நரகத்தைப் பார்ப்பதில்லை. நரகத்தைப் பார்க்கும் அந்த ஒருவர் கற்பனை செய்யவும் இல்லை.

ஆனால் மௌனம் பயத்தைப் போக்குமா? தூத்துக்குடிக் கரையில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் 'கடல்கட்டி' என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். அவர் வராமல் முத்துக்குளிப்பவர்கள் கடலில் இறங்க மறுத்தார்கள். மந்திரத்தில் துளியும் நம்பிக்கையில்லாத ஆங்கிலேய அரசாங்கமே வேறு வழியின்றி அவருக்குப் படியளந்தது. இதைப் படித்துச் சிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. சுறா இருக்கிறது என்பதை அந்தக் கரையில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பயத்துக்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். "சுறாவே கிடையாது, நீ இறங்கு" என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதல் சுறாவைப் பார்த்ததும் தோணி காலியாகியிருக்கும். மருந்து மாற்றும்போது நடப்பது அதுதான். சொல்லப்படாத தொல்லை முதல் வாரத்தில் வருகிறது, நோயாளி இரண்டு மாத்திரையையும் தூக்கிப் போடுகிறார், அடுத்த மாதத் தேதிக்குப் போவதில்லை. "பேஷண்ட் ஒத்துழைக்கல" என்று பழி அவர் மேல் விழுகிறது.

இன்னொரு குழப்பமும் நேர்கிறது. பழைய மருந்து போவதால் வரும் தொல்லையை, நோய் திரும்பி வந்ததாக நினைத்துவிடுவது. படபடப்பு, தூக்கமின்மை, அழுகை இரண்டிலும் வரும். ஆனால் பிரித்துப் பார்க்க வழி உண்டு. விடுபடும் தொல்லை பொதுவாக நாட்களில் வரும், நோய் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்து வரும். தலைக்குள் கரண்ட், கிறுகிறுப்பு போன்றவை பழைய நோயில் இல்லாத புது அடையாளங்கள். யாரும் கேட்காததால் இது பிரிக்கப்படுவதில்லை. கூடுதல் டோஸ், இல்லையென்றால் மூன்றாவதாக ஒரு மாத்திரை.

சிரமம் கணக்கிலும் இருக்கிறது. மருந்தைக் குறைக்கும்போது பாதி, பிறகு கால், பிறகு பூஜ்யம் என்று நேர்கோட்டில் இறங்கலாம் என்று தோன்றும். மூளை அப்படி இறங்குவதில்லை. மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019இல் எழுதிய கட்டுரை இதை எண்ணில் காட்டியது. 20 மி.கி. சிட்டலோப்ராம், மூளையில் செரோட்டோனினை உறிஞ்சும் வாயில்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அடைக்கிறது. 9 மி.கி.க்கு வந்தாலும் 70 சதவீதம் அடைபட்டே இருக்கும். 50 சதவீதத்துக்கு வர 3.4 மி.கி., 20 சதவீதத்துக்கு வர 0.8 மி.கி. முதல் பாதியைக் குறைப்பதில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. கடைசிச் சில மில்லிகிராமில்தான் எல்லாம் நடக்கிறது.

கடலோரத்துக்காரர்களுக்கு இது புதிய கணக்கு அல்ல. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது, சங்கு குளிப்பு இன்றும் உண்டு. மூச்சடக்கி ஒரு நிமிடம் இறங்கி ஏறிய காலத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. கம்ப்ரசர் காற்றை ட்யூபில் இழுத்துக்கொண்டு நெடுநேரம் அடியில் இருப்பவர் சட்டென்று மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டும், மூட்டு முறுக்கும், கால் விழுந்துபோகவும் கூடும். 20 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு வரும்போது அழுத்தம் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. அங்கிருந்து நீர்மட்டத்துக்கு வரும் அதே 10 மீட்டரில் பாதியாகிவிடுகிறது. ஆகவே கடைசித் தூரத்தில்தான் மிக மெதுவாக வரவேண்டும். ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இலேயே இதற்கு அட்டவணை போட்டுக் கொடுத்தார். முக்குளிப்பவருக்கு நூறு வருடத்துக்கு முன்பே கிடைத்த அட்டவணை, மாத்திரைக்காரருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஒரே குடும்ப மருந்துக்குள் மாறினால், உதாரணமாக எஸ்சிட்டலோப்ராமிலிருந்து செர்ட்ராலினுக்கு, புதியது பழையதன் இடத்தைப் பெருமளவு நிரப்பிவிடும். மிர்ட்டாஸபினுக்கோ புப்ரோப்பியானுக்கோ போகிறவருக்கு அந்த வசதி இல்லை. அவர்தான் மெதுவாக இறங்க வேண்டியவர். ஆனால் நம் மெடிக்கல் கடையில் 3.4 மி.கி. மாத்திரை கிடையாது, 10ஐ உடைத்தால் 5. நெதர்லாந்தில் அளவு படிப்படியாகக் குறைவதுபோல் நாள்வாரியாக அடைத்த மாத்திரைச் சரங்கள் பத்தாண்டுகளாகக் கிடைக்கின்றன. பிரிட்டனின் 'நைஸ்' வழிகாட்டி 2022இல் படிப்படியான குறைப்பை ஏற்றுக்கொண்டது. நம் சந்தையில் தாராளமாகக் கிடைப்பது வேறு: எஸ்சிட்டலோப்ராமும் குளோனஸிபாமும் ஒரே மாத்திரையில். ஒன்று மனச்சோர்வு மருந்து, இன்னொன்று பழக்கமாகிவிடக்கூடிய பதற்ற மருந்து. இதை மாற்றும்போது ஒரே கோட்டில் இரண்டு மருந்துகள் அடிபடுகின்றன. குளோனஸிபாமைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். தான் இரண்டு மருந்து சாப்பிடுகிறோம் என்பது அதைச் சாப்பிடும் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களுக்கு அது 'நரம்பு மாத்திரை'.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு வங்கியின் சர்வரைப் பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றும்போது, எந்த நேரத்தில் எது நிற்கும், எது ஓடும், கோளாறு வந்தால் எப்படித் திரும்புவது, ராத்திரி யாருக்கு போன் போடுவது என்று எழுதி வைக்காமல் கைவைக்க மாட்டோம். வெறும் கணக்குப் புத்தகத்துக்கு இவ்வளவு. மனித மூளைக்கு ஒரு கோடும் 0-0-1உம்.

இந்த அலட்சியத்தின் விலையைக் கட்டுவது யார்? ஏசி அறையில் "இன்னைக்கு உடம்பு சரியில்ல, வீட்ல இருந்து வேல பாக்குறேன்" என்று தட்டச்சு செய்ய முடிந்த என் போன்றவர்கள் அல்ல. துறைமுகத்தில் நைட் ஷிஃப்டில் கன்டெய்னர்களுக்கு நடுவே நிற்பவர். ஹார்பர் ரோட்டில் டிரெய்லர் ஓட்டுபவர். மிர்ட்டாஸபினின் முதல் வாரத் தூக்கம் அவருக்கு வெறும் அசதி அல்ல, உயிர் ஆபத்து. ஆறேழு மாத ஒப்பந்தத்தில் கப்பலேறும் மாலுமிக்கு நடுக்கடலில் மறுபரிசோதனைத் தேதி ஏது? "என்ன வேலை பாக்குறீங்க?" என்ற ஒரு கேள்வி இல்லாமல் இவர்களுக்கு எழுதப்படும் எந்தச் சீட்டும் பாதிச் சீட்டுதான்.

இனி "நிப்பாட்டிரு" கூட்டத்துக்கு. இதே மன்னார் வளைகுடாக் கரையில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். மருந்து எட்டாத இடத்தில் இருந்தது இயற்கை வாழ்வு அல்ல, சங்கிலி. தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல் கண்டதும் இதுதான்: மனச்சோர்வு உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சையே இல்லை. பக்கவிளைவை மறைக்கும் மருத்துவரும், அதைக் காட்டி மருந்தைப் பிடுங்கும் மாமாவும் நோயாளியை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகிறார்கள்.

மருத்துவருக்கு நேரமில்லை என்பார்கள். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் அது உண்மை. ஆனால் நான் கேட்பது அவருடைய நேரத்தை அல்ல. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சிகிச்சை பற்றியும் தெரிந்த பக்கவிளைவுகள் பற்றியும் தனக்குப் புரியும் மொழியில் அறிந்துகொள்வதை நோயாளியின் உரிமை ஆக்கியிருக்கிறது. எனவே இது கருணை மனு அல்ல.

ஒன்று, மருந்து மாற்றும் ஒவ்வொருவருக்கும் தமிழில் அச்சடித்த ஒரு பக்கம். எந்த நாளில் எது எவ்வளவு, எது வரலாம், எது வந்தால் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல், உடல் விறைப்பு, நடுக்கம், குழப்பம் சேர்ந்து வந்தால். சாக வேண்டும் என்ற எண்ணம் புதிதாகவோ அதிகமாகவோ வந்தால், குறிப்பாக 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. தூக்கமே தேவைப்படாத அதீத உற்சாகம் வந்தால், அன்றைக்கே மருத்துவமனை. வலிக்கு டிரமடால் வாங்கிப் போடும் முன் கேட்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். இரண்டு, ஏழாம் நாளும் பதினாலாம் நாளும் ஒரு போன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடிப் போகின்றன. மனநல மாத்திரைக்கு வீடு தேடி வரவேண்டாம், தெருவுக்கே தெரிந்துவிடும். போன் போதும். செவிலியர் பேசினால் போதும். 14416 என்ற டெலி-மானஸ் எண் 2022 முதல் இருக்கிறது, அதையாவது சீட்டின் மேல் அச்சடிக்கலாம். மூன்று, அரசுக் கொள்முதலில் சிறிய அளவு மாத்திரைகளும் திரவ வடிவங்களும். கூட்டு மாத்திரைக்குப் பதில் தனித்தனி மாத்திரை.

இப்போது மாறிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாக உடைக்காதீர்கள். தினமும் நாலு வரி எழுதிவையுங்கள்: எந்த மாத்திரை, எவ்வளவு, எப்படித் தூங்கினீர்கள், என்ன செய்தது. அடுத்த முறை போகும்போது அதை மேசை மேல் வைத்து, "அடுத்து என்ன வரும், எத்தன நாள், யாருக்கு போன் பண்ண?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.

முத்துக்குளிக்க இறங்குபவரின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்று எங்கள் கரையில் சொல்வார்கள். தங்கச்சி தாலியறுக்கக் கூடாது என்ற அக்கறை அவனுக்கு இருக்கும், கயிறு அசைந்தால் கவனிப்பான். நம் சுகாதாரத் துறை யாருக்கும் மச்சானாக வேண்டியதில்லை. மேலே ஒருவர் நின்றாக வேண்டும். அது ஒரு சம்பளம் பெறும் வேலையாக, சீட்டில் எழுதப்பட்ட எண்ணாக இருந்தால் போதும்.