படகுக்கு ஒரு வீடு

"அத்தை, மெரினா பார்த்துட்டு இருக்கேன்" என்று கொச்சியிலிருந்து அண்ணன் மகன் போனில் சொன்னான். "சென்னைக்கு எப்பய்யா போனே?" என்று கேட்டேன். சிரி சிரி என்று சிரித்தான்.

நமக்கு மெரினா என்றால் மணலும் சுண்டலும்தானே? 1884-ல் சென்னைக் கடற்கரையில் நடைபாதை போட்டு அந்தப் பெயரை வைத்தவர் ஆளுநர் கிராண்ட் டஃப். மற்ற நாடுகளில் மெரினா என்றால் சொந்தப் படகுகளைக் கட்டி வைக்கும் சின்னத் துறையாம். படகுக்கான கார் ஷெட் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நாங்கள் சங்கரன்கோவில்காரர்கள். தூத்துக்குடி கடலைப் பார்க்கவே நூறு கிலோமீட்டர் வாக்கில் போக வேண்டும். ஆடித்தபசுக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் தேடிய அனுபவம்தான் எங்களுக்கு உண்டு. ஆனாலும் இந்தப் படகு விஷயத்தில் எங்கள் வீட்டுப் பணமும் இருந்தது.

கொச்சியில் வேலை பார்க்கும் அவன், மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் காயலில் சுற்றி வர. அவன் பங்குக்கு அண்ணன் கொடுத்தது, ஓடாமல் நின்ற இரண்டு தறிகளை விற்ற பணம்.

படகு வாங்கும்போது இன்ஜின், பெயின்ட், சீட் எல்லாம் பார்த்தார்கள். எங்கே கட்டுவது என்பதை மட்டும் கடைசியில் யோசித்தார்கள். வாடகை குறைவு என்று காயலோரம் ஒரு தனியார் படித்துறையில் கட்டினார்கள். ஜூன் மாதம் மழை பிடித்தது. பத்து நாள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் மோட்டார், பேட்டரி தீர்ந்ததும் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தபோது படகின் பின்பக்கம் தண்ணீருக்குள். இன்ஜினும் சேர்ந்து முங்கிக் கிடந்தது.

அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கெல்லாம் கஷ்டமாக இருந்தது.

பழுது பார்த்த பிறகு, இந்த முறை இடத்தை ஒழுங்காகத் தேடினான். அவன் விசாரித்ததைக் கேட்கக் கேட்க, பெண் கொடுக்கும் வீட்டை விசாரிப்பது போலவே இருந்தது எனக்கு.

முதலில், அங்கே ராத்திரி ஆள் இருக்கிறார்களா? கயிறு தளர்ந்தாலோ மழைநீர் சேர்ந்தாலோ போன் பண்ணுவார்களா? மின்சார வசதி இருந்தால் பேட்டரி தீராது.

அடுத்து தண்ணீர். ஓதம் வற்றும் நேரத்தில் ஆழம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நிறைந்த நேரத்தில் எல்லா இடமும் அழகாகத்தான் தெரியும். கொச்சிக் காயலில் மழைக்காலத்தில் நல்ல தண்ணீரோடு ஆகாயத்தாமரை வந்து அடைத்து இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். கோடையில் உப்பு ஏறினால் படகின் அடியில் சிப்பி மாதிரி பூச்சிகள் ஒட்டும். படகைக் கரையேற்றிச் சுரண்டிக் கழுவ அங்கேயே வசதி உண்டா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது வாசல். கன்னியாகுமரி மாவட்டத்தின் தேங்காப்பட்டணத்திலும், திருவனந்தபுரம் மாவட்டத்தின் முதலப்பொழியிலும் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து, அலையில் படகு கவிழ்ந்து எத்தனையோ மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். கடலையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஞாயிற்றுக்கிழமைப் படகோட்டிகள் எம்மாத்திரம்? உள்ளே எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், வாசல் ஆபத்தானால் அது நல்ல வீடு இல்லை. போகிற வழியில் பாலம் இருந்தால் அதன் உயரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது காற்று. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலை நம் தென்மாவட்டங்கள் மறக்காது. புயல் அறிவிப்பு வந்தால் படகை எங்கே நகர்த்துவார்கள், கயிறு அறுந்து பக்கத்துப் படகில் மோதினால் செலவு யாருடையது, இன்ஷூரன்ஸ் கட்டாயமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும்.

நம் நாட்டில் இப்படித் தனி மெரினாக்கள் மிகக் குறைவு. சென்னையில் 1911-ல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்கூட, சரக்குக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகத்துக்குள்தான் இருக்கிறது. கொச்சியில் போல்காட்டி தீவில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மெரினா இருக்கிறது. அதையும் வேறு சில துறைகளையும் இரண்டு இரண்டு தடவை போய்ப் பார்த்தான். ஒரு தடவை தண்ணீர் வற்றிய நேரம், ஒரு தடவை நல்ல மழையில்.

கடைசியில் முடிவு செய்தது என்னவோ அண்ணனின் முட்டிவலிதான்! படித்துறை என்றால் நீர்மட்டம் இறங்க இறங்கப் படகும் கீழே போய்விடும். குதித்துத்தான் ஏற வேண்டும். மிதக்கும் மேடை இருந்தால் அது தண்ணீரோடு ஏறி இறங்கும். படகுக்கும் மேடைக்கும் எப்போதும் ஒரே அளவு எட்டுதான். அப்படி மேடை உள்ள இடத்தையே பிடித்தான். வாடகை முன்பைவிட அதிகம். ஆனால், அவன் அறையிலிருந்து கால் மணி நேரத்தில் போய்விடலாம்.

மதுரை – குருவாயூர் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அண்ணனும் நானும் அதில் ஏறிப் போனோம். மேடையில் நின்ற அண்ணன், படகைப் பார்க்கும் முன்னால் குனிந்து அதைக் கட்டியிருந்த கயிற்றைத்தான் பிடித்துப் பார்த்தார். முறுக்கு சரியாக இருக்கிறதா என்று விரலால் நெருடினார். நாற்பது வருஷம் நூலோடு கிடந்த கை.

பிறகு மகன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படகில் கால் வைத்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் சொன்னார்: "வாடகை கூடத்தான். ஆனா ராத்திரி மழை பெஞ்சா, பிள்ளைக்குத் தூக்கம் வரும்லா."